முழு பேக்கப்பிலிருந்து ஒரு டெபியன் சர்வரை மீட்டெடுத்தல்

லினக்ஸ் சர்வர் ஒன்றின் டிஸ்க் செத்துப்போனால், பேக்கப்பில் இருக்கும் கோப்புகளைப் புதிய டிஸ்கில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். லினக்ஸில் எல்லாமே கோப்புதான் என்று படித்து வந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. கோப்புகளைத் திரும்ப எடுத்து வைப்பது இந்த வேலையின் எளிய பகுதி. ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். மெஷின் எழுந்து நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் பெரும்பாலும் அந்தக் கோப்புகளுக்கு வெளியேதான் இருக்கின்றன: டிஸ்கின் பிரிவுகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணை, கோப்பு முறைமையின் தனி அடையாள எண்ணான யூயூஐடி, சிஸ்டத்தை எழுப்பும் பூட் லோடர், மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும் பூட் வரிசை, ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒட்டியிருக்கும் உரிமையாளர் எண்ணும் சிறப்பு அனுமதிகளும். கேட்டு வாங்கினாலொழிய இவற்றில் எதுவும் பேக்கப்போடு சேர்ந்து வருவதில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு நான் பராமரித்து வரும் சர்வரை அண்மையில் இப்படி மீட்க வேண்டியிருந்தது. டெபியன் 11 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ (ஆயத்த லினக்ஸ் தொகுப்பு), டிசைன் கோப்புகளைப் பகிர்வதற்குச் சாம்பா, ஆர்டர் கணக்குக்குப் போஸ்ட்கிரஸ் 13 டேட்டாபேஸ், எல்லாமே ஒரு 500 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்கில் இருந்தன. காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் பருவத்தில், டிசைன் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்து, "சார், ஃபைல் ஓபன் ஆகுது, சேவ் மட்டும் ஆகமாட்டேங்குது" என்றார். லினக்ஸோடு நாளும் புழங்குபவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். டெபியன் நிறுவும்போது, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு, எந்தப் பார்ட்டிஷன் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் ஆப்ஷனை எழுதி வைக்கிறது. கோப்பு முறைமையில் பிழை கண்டால் உடனே அதை வாசிக்க மட்டுமே முடிகிற நிலைக்கு மாற்றிவிடு என்பது அதன் பொருள். உள்ளே நுழைந்து, லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பார்த்தால் வாசிப்புப் பிழைகள் வரிசையாக நின்றன. டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் காட்டிய பட்டியலில், மாற்றி எழுதக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் ரீபூட் செய்து பார்ப்போம் என்று கை துறுதுறுக்கும். செய்யக் கூடாது. சாகப்போகிற டிஸ்க் மறுபடி எழுந்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எழுந்தாலும், பூட் ஆகும்போது தானாக ஓடும் எஃப்எஸ்சிகே, பழுதான இடங்களைத் திருத்துகிறேன் என்று அந்த டிஸ்கிலேயே எழுத ஆரம்பிக்கும். வாசிக்க மட்டும் முடிகிற நிலை என்பது நமக்குக் கிடைத்த அவகாசம். பேக்கப் இரவு 2 மணிக்கு ஓடுகிறது என்றால், அன்று காலையிலிருந்து செய்த வேலை முழுவதும் இந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே பேக்கப் முடிந்த நேரத்துக்குப் பிறகு மாறிய கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் முதலில் வேறொரு மெஷினுக்கு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் கருவி) செய்து எடுத்துவிட்டேன். போஸ்ட்கிரஸ் எழுத முடியாமல் நின்றுவிட்டிருந்தது. அதன் தரவு அடைவையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்தேன். பயன்படாமல் போகலாம், இருந்தாலும் இருக்கட்டும்.

அதன் பிறகு மெஷினை அணைத்துவிட்டு, அந்த டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழு இமேஜ், அதாவது டிஸ்கின் அச்சு நகல், எடுக்கலாம். சாதாரண டிடி கட்டளை பழுதான செக்டரில் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ எளிதில் வரக்கூடியதை எல்லாம் முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் பகுதிகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பைக் குறிப்பிடாமல் ஓடவிட்டால் இந்த நன்மை கிடைக்காது. நல்ல பேக்கப் இருக்கும்போது இந்த இமேஜ் எதற்கு என்று கேட்கலாம். பேக்கப் நல்லது என்பது மீட்டு முடிக்கும் வரை நம் நம்பிக்கை மட்டுமே.

இங்கே இருந்த பேக்கப் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இரவும் இன்னொரு மெஷினுக்கு ஆர்சிங்க் ஓடும். முந்தைய நாளிலிருந்து மாறாத கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டும் போட்டுக்கொள்வதால், தேதி இட்ட ஒவ்வோர் அடைவும் பார்வைக்கு முழு பேக்கப்பாகவே இருக்கும், இடமோ மாறிய கோப்புகளுக்கு மட்டுமே செலவாகும். ஆர்சிங்க் தொடங்குவதற்கு முன் போஸ்ட்கிரஸிலிருந்து பிஜி டம்ப் ஆல் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே எஸ்க்யூஎல் கோப்பாக இறக்கிவிடும். வெறும் பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும். பயனர்களும் அவர்களது கடவுச்சொற்களும் அதில் வராது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் தரவு அடைவைக் கோப்பு கோப்பாக நகலெடுத்தால் அதை நம்ப முடியாது என்பதைப் பலர் கேட்டிருப்பார்கள். அதில் பயப்பட வேண்டிய விஷயம், அது சில சமயம் எந்தப் புகாரும் இல்லாமல் எழுந்து நின்றுவிடும் என்பதுதான்.

புதிய டிஸ்கைத் தொடுவதற்கு முன் நான் பார்த்த முதல் கோப்பு அந்த டம்ப். அதன் வாலைப் பார்த்தால் போதும். டம்ப் முழுதாக முடிந்திருந்தால், டேட்டாபேஸ் தொகுப்பின் டம்ப் முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வரி கடைசியில் இருக்கும். பாதியில் அறுந்த டம்பில் அந்த வரி இருக்காது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவு அடைவை அழித்துவிட்டபோது, டம்ப் பேக்கப்பைத் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்க ஓடியது 9.2 பதிப்பு, ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டிருந்தது, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் பெறுபவருக்குப் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சம்பவத்துக்குச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்த விவரம் இது. பேக்கப் வேலை பார்க்கும் யாரும் ஒருமுறை படிக்கலாம்.

இனி மீட்பு. முதலில், டிஸ்கைத் தொடாமல் தானே பூட் ஆகும் லைவ் பென்டிரைவ். சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற மீட்புக்கென்றே உள்ள டிஸ்ட்ரோக்கள் நல்லவைதான். ஆனாலும் மீட்கப்போகிற சிஸ்டத்தின் அதே தலைமுறை லைவ் இமேஜையே நான் எடுத்துக்கொள்வேன். காரணம் இருக்கிறது. 2023-இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47.0 (ஃபார்மட் செய்யும் கருவிகளின் தொகுப்பு), லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை உருவாக்கும்போது சில புதிய அம்சங்களைத் தானாகவே இயக்கிவிடுகிறது. புத்தம்புதிய லைவ் ஒன்றில் ஃபார்மட் செய்து, அதன் மேல் பழைய டெபியனை விரித்தால், எல்லாம் சரியாக நடந்தது போலவே இருக்கும். பூட் செய்யும்போது பழைய கிரப் (டெபியனின் பூட் லோடர்), இது எனக்குத் தெரியாத கோப்பு முறைமை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தும் கிரப்பால் அவற்றைப் படிக்க முடியாத இந்த நிலையில், காரணம் ஃபார்மட்டில் இருக்கிறது என்று யாருக்கும் உடனே தோன்றாது. டியூன்2எஃப்எஸ் கொண்டு அந்த அம்சத்தை அணைத்துவிடலாம். அதற்கு முதலில் அதுதான் காரணம் என்று தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, பழைய சிஸ்டம், பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகி வந்தது என்றால் லைவ் பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும். சிஸ் அடைவின் கீழ் ஃபர்ம்வேர், அதன் கீழ் இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அது இல்லாமல் மேலே போனால், கடைசியில் கிரப் நிறுவும் கட்டத்தில் மாட்டிக்கொள்வோம்.

பார்ட்டிஷன் அட்டவணைக்கு எஸ்எஃப்டிஸ்க் என்ற கட்டளையின் டம்ப் வசதி போதும். ஒவ்வொரு இரவும் அது தரும் சில வரிகளை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகப் பேக்கப்போடு சேர்த்து வைத்திருந்தால், புதிய டிஸ்கில் அதே கோப்பை உள்ளீடாகக் கொடுத்து அட்டவணையை அச்சாக உருவாக்கிவிடலாம். பார்ட்டிஷன்களின் அடையாள எண்கள்கூட மாறாது. இங்கே புதிய டிஸ்க் 1 டிபி என்விஎம்இ. அதனால் கோப்பில் கடைசி எல்பிஏ (பயன்படுத்தக்கூடிய கடைசி செக்டர்) என்று குறிப்பிடும் வரியை நீக்கிவிட்டு, கடைசியாக இருந்த ரூட் பார்ட்டிஷனின் அளவையும் அழித்துவிட்டேன். அளவு சொல்லாவிட்டால் எஸ்எஃப்டிஸ்க் மீதி இடம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடும். டிஸ்கின் பெயர் எஸ்டிஏ என்பதிலிருந்து என்விஎம்இ0என்1 என்று மாறியது பொருட்டல்ல, ஏனென்றால் இப்போதைய டிஸ்ட்ரோக்களில் எஃப்எஸ்டேப் பெயரைப் பார்ப்பதில்லை, யூயூஐடியைத்தான் பார்க்கிறது.

இந்த யூயூஐடி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, புதிதாக ஃபார்மட் செய், கிடைத்த புதிய யூயூஐடியை எஃப்எஸ்டேப்பில் எழுது என்கின்றன. எஃப்எஸ்டேப் மட்டுமா அந்த எண்ணை வைத்திருக்கிறது? கிரப்பின் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் டெபியன் என்ற அடைவில் இருக்கும் மூன்று நான்கு வரிக் குட்டி கிரப் கோப்பிலும் இருக்கிறது. ரூட் எங்கே என்று அந்த எண்ணைக் கொண்டுதான் அது தேடும், கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையில் கிரப் என்ற வெறும் கட்டளை வரியைக் காட்டிவிட்டு நிற்கும். நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் பார்ட்டிஷனின் எண், ஹைபர்னேட்டிலிருந்து எழுவதற்கென்று, பூட்டின் தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் புதைந்திருக்கிறது. அது பொருந்தாவிட்டால் மெஷின் கெட்டுவிடாது, ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத ஸ்வாப்புக்காகக் கொஞ்ச நேரம் காத்துக்கிடக்கும். டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் கிரிப்ட்டேப் கோப்பும் இந்தப் பட்டியலில் சேரும். இத்தனை இடங்களைத் தேடித் திருத்துவதைவிட, பழைய எண்களையே புதிய கோப்பு முறைமைகளுக்குக் கொடுத்துவிடுவது மேல். எம்கேஎஃப்எஸ் கட்டளைக்கும் எம்கேஸ்வாப்புக்கும் கேப்பிடல் யு என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கான ஃபேட் வடிவத்துக்கு அதே வேலையைச் சிறிய ஐ செய்யும், அங்கே எட்டு இலக்க எண்ணை நடுக்கோடு இல்லாமல் கொடுக்க வேண்டும். பழைய எண்கள் எல்லாம் பிஎல்கேஐடி கட்டளையின் வெளியீடாகப் பேக்கப்பில் இருந்தன.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. பழைய டிஸ்க் இன்னும் அதே மெஷினில் மாட்டியிருந்தால், ஒரே எண்ணில் இரண்டு கோப்பு முறைமைகள் இருக்கும். சிஸ்டம் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கே மறுபடி ரூட்டாக ஏறினாலும் ஏறும். பழையதைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

கோப்புகளைத் திரும்ப இறக்க, ரூட் பார்ட்டிஷனை ஓரிடத்தில் மவுன்ட் செய்துகொண்டு, அதாவது ஓர் அடைவாக இணைத்துக்கொண்டு, ஆர்சிங்க் ஓடவிட வேண்டும். எல்லோரும் போடும் சிறிய ஏ ஆப்ஷன் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆர்க்கைவ் என்ற பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. ஹார்ட் லிங்க்குக்குக் கேப்பிடல் எச், பயனர்வாரியான ஏசிஎல் அனுமதிகளுக்குக் கேப்பிடல் ஏ, கோப்போடு ஒட்டிவரும் கூடுதல் குறிப்புகளான நீட்டிப்புப் பண்புகளுக்குக் கேப்பிடல் எக்ஸ் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேக்கப் எடுக்கும்போதே இவற்றைக் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. நீட்டிப்புப் பண்புகள் விடுபட்டால் முதலில் தெரிவது ஒரு சின்ன விஷயம்: சாதாரணப் பயனர் பிங் கொடுத்தால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் டெபியன் 11-இல் பிங் நிரலுக்கு உரிய திறன் அந்தப் பண்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. டார் கொண்டு பேக்கப் எடுப்பவர்களுக்கு இங்கே இன்னும் ஒரு வளைவு. எடுக்கும்போது எக்ஸ்ஏட்டர் ஆப்ஷன் போட்டிருந்தாலும், விரிக்கும்போது பயனர் வகைப் பண்புகளை மட்டுமே டார் திருப்பி வைக்கும். எல்லா வகையையும் சேர்த்துக்கொள் என்று தனியாகச் சொன்னால்தான் பாதுகாப்பு வகைப் பண்புகளும் வரும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நியூமெரிக் ஐடி ஆப்ஷன். அது இல்லாவிட்டால் ஆர்சிங்க் உரிமையாளரைப் பெயரால் பொருத்திப் பார்க்கும். பேக்கப் மெஷினில் ஒரு பெயருக்கு ஓர் எண், லைவ் சிஸ்டத்தில் அதே பெயருக்கு வேறோர் எண், மீட்கப்படும் சர்வரிலோ மூன்றாவது எண் என்றிருக்கும்போது, சேவைகளின் கோப்புகள் யார் யார் பெயருக்கோ மாறிப் போய்விடும். டெபியனில் போஸ்ட்கிரஸ் போன்ற சேவைகளுக்கான பயனர் எண், நிறுவிய வரிசையைப் பொறுத்து அமைவது; இரண்டு மெஷின்களில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தரவு அடைவின் உரிமையாளர் தவறு என்று போஸ்ட்கிரஸ் எழ மறுக்கும்போதுதான் இது வெளியே தெரியும். அதைவிட மோசம், ஒன்றும் மறுக்காமல் யாரோ ஒருவர் எதையோ படிக்கக்கூடிய நிலையில் ஓடிக்கொண்டிருப்பது. பேக்கப் மெஷினில் ரூட் எனும் நிர்வாகிப் பயனராக இல்லாமல் சாதாரணப் பயனராக, உரிமையாளர் விவரத்தை நீட்டிப்புப் பண்புகளில் எழுதி வைக்கும் ஃபேக் சூப்பர் முறையில் பேக்கப் எடுத்திருந்தால், திரும்ப எடுக்கும்போதும் அந்தப் பக்கத்து ஆர்சிங்க்குக்கு ஃபேக் சூப்பர் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சிஸ்டம் முழுவதும் அந்த பேக்கப் பயனருக்குச் சொந்தமாகிவிடும்.

ப்ராக், சிஸ், டெவ், ரன் ஆகியவை கெர்னலும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் ஓடும்போது உருவாக்குபவை என்பதால் அவற்றின் உள்ளடக்கம் பேக்கப்பில் இருக்கக் கூடாது. ஆனால் வெற்று அடைவுகளாக அவை டிஸ்கில் இருக்க வேண்டும். பேக்கப் ஸ்கிரிப்டில் ப்ராக் என்று விலக்குவதற்கும், ப்ராக்கின் உள்ளே இருப்பவை என்று நட்சத்திரக் குறியிட்டு விலக்குவதற்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் தெரியும். டெம்ப் அடைவைக் கையால் உருவாக்கினால் அதற்கு 1777 அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் சிஎச்ரூட்டுக்குள் (மீட்ட சிஸ்டத்தையே ரூட்டாகக் கொண்ட சூழலுக்குள்), தொகுப்புகளை நிறுவும் ஆப்டை ஓட்டும்போது தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று அது முறையிடும்.

ஒரே கோப்பு முறைமைக்குள் நில் என்ற ஆப்ஷனோடு பேக்கப் எடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு, நல்ல வழக்கம்தான். அதன் விளைவாகத் தனிப் பார்ட்டிஷனில் இருக்கும் பூட் அடைவோ ஹோம் அடைவோ பேக்கப்பில் வந்திருக்காது; வெற்று அடைவு மட்டும் வந்திருக்கும். யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனும் அப்படித்தான். அதை மறுபடி உருவாக்கிவிடலாம், ஹோமை முடியாது. ஹோம் தனியாக இருக்கும் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்த கையோடு பேக்கப்பைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து சிஎச்ரூட். மீட்ட ரூட்டை மவுன்ட் செய்து, யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குரிய இடத்தில் மவுன்ட் செய்து, லைவ் சிஸ்டத்தின் டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகியவற்றையும் உள்ளே பிணைத்த பிறகு, அதற்குள் நுழைந்தால் பழைய சர்வரின் சூழலில் நின்று வேலை செய்யலாம். சிஸ் அடைவைப் பிணைக்கும்போது அதன் கீழ் மவுன்ட் ஆகியிருக்கும் இஎஃப்ஐவார்ஸும் சேர்ந்து வருமாறு ஆர்பைண்ட் முறையில் பிணைக்க வேண்டும். மதர்போர்டின் பூட் பட்டியலில் எழுதும் வழி அதுதான். பிறகு கிரப் இன்ஸ்டால், அப்டேட் கிரப், எல்லா கெர்னலுக்கும் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ். இஎஃப்ஐபூட்மேனேஜர் கொண்டு பட்டியலைப் பார்த்தால், டெபியன் என்ற பதிவும் அது காட்டும் பார்ட்டிஷனின் அடையாள எண்ணும் தெரியும்; அந்த எண் புதிய டிஸ்கின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் சரிபார்த்துவிடுவேன். டிஸ்க் மாறியதும் பழைய பதிவைத் தானாக அழித்துவிடும் பயாஸ்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட மதர்போர்டுகளுக்காக, இயல்பாகத் தேடப்படும் பூட் அடைவிலும் ஒரு நகல் வைக்கும்படி டெபியனின் கிரப்புக்குச் சொல்லும் வசதி உண்டு. பழைய பயாஸ் முறையில் ஓடும் சர்வர் என்றால் கதை வேறு: அங்கே கிரப்பின் முதல் துண்டு டிஸ்கின் முதல் 512 பைட்டில், பார்ட்டிஷன் அட்டவணைக்கு முன்னால் உள்ள 446 பைட்டில் உட்கார்ந்திருக்கும், எந்தக் கோப்பு பேக்கப்பும் அதைத் தொடாது.

இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிப்பதை எதற்கு என்று சிலர் விட்டுவிடுவார்கள். டெபியன் வழக்கமாக எல்லா டிரைவர்களையும் அதில் போட்டு வைக்கிறது, ஆகையால் பெரும்பாலும் விட்டாலும் நடக்கும். நிறுவும்போது இந்த மெஷினுக்குத் தேவையானவை மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்திருந்தால், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறிய டிஸ்கை அதனால் பார்க்கவே முடியாது. ரூட் டிஸ்க் இல்லை என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளை வரியில் இறக்கிவிடும். ஃபெடோரா, ரெட் ஹாட் வழி வந்தவற்றில், இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட் இயல்பாகவே அந்தந்த மெஷினுக்கு மட்டும் கட்டுகிறது என்பதால் அங்கே இந்தப் படி கட்டாயம். அங்கே எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு லேபிள்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் ரூட்டில் ஆட்டோரீலேபிள் என்ற வெற்றுக் கோப்பை, முன்னால் ஒரு புள்ளியோடு, உருவாக்கிவிட்டால் முதல் பூட்டில் எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டிவிட்டு மறுபடி பூட் ஆகும்.

சிஎச்ரூட்டை விட்டு வெளியேறுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை எந்த வழிகாட்டியிலும் நான் அதிகம் பார்த்ததில்லை: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானையும் டைமர்களையும் நிறுத்தி வைப்பது. மீட்ட சர்வர் எழுந்தவுடன் தன்னை நேற்றைய சர்வராகவே நினைத்துக்கொள்ளும். தவறிப்போன வேலைகளைப் பிடித்து ஓடவிடும் டைமர்கள் உடனே கிளம்பும். வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் ஸ்கிரிப்டு இருந்தால் அதுவும் கிளம்பும். எல்லாவற்றிலும் ஆபத்தானது பேக்கப் வேலையே. ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டு டிலீட் ஆப்ஷனோடு ஒத்திசைக்கும் முறை உள்ளவர்களுக்கு, பாதி மீண்ட சர்வரிலிருந்து அன்று இரவு ஓடும் பேக்கப், மீதிப் பாதியை பேக்கப்பிலிருந்தும் துடைத்துவிடும். மூலத்தில் வாசிப்புப் பிழை வந்தால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்திவிடும் என்பது உண்மை. ஆனால் இங்கே பிழை எதுவும் இல்லையே. கோப்புகள் இல்லை, அவ்வளவுதான். எனவே டைமர்களை மாஸ்க் செய்து (எழவே முடியாமல் முடக்கி), பேக்கப் மெஷினில் மீட்புக்குப் பயன்படுத்திய தேதியின் அடைவைப் பழையவற்றை அழிக்கும் ஸ்கிரிப்டின் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு முதல் பூட். கிரப் வந்தது, கெர்னல் வந்தது, ஓரிடத்தில் 90 விநாடி நின்றது. எஃப்எஸ்டேப்பில் எப்போதோ மாட்டியிருந்த ஒரு வெளி டிஸ்குக்கான வரி, டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ என்னும் நோஃபெயில் ஆப்ஷன் இல்லாமல் கிடந்தது. அந்த டிஸ்க் அன்று மாட்டியிருக்கவில்லை. காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்க் கடவுச்சொல் கேட்டது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும் சர்வர்களில் இந்த இடத்தில் கடவுச்சொல்கூடக் கேட்காது, உள்ளே விட மாட்டேன் என்று நின்றுவிடும். அப்போது லைவ் பென்டிரைவைத் தவிர வேறு வழி இல்லை. அந்த வரியைத் திருத்தியதும் லாகின் வரை வந்தது.

கேபிளை மாட்டிய பிறகும் நெட்வொர்க் வரவில்லை. மதர்போர்டும் அதே, நெட்வொர்க் கார்டும் அதே. ஐபி லிங்க் கொடுத்துப் பார்த்தால், கார்டின் பெயர் இஎன்பி2எஸ்0 என்பதிலிருந்து இஎன்பி3எஸ்0 ஆகியிருந்தது. இந்தப் பெயர் பிசிஐ பஸ் எண்ணிலிருந்து வருவது. என்விஎம்இயும் பிசிஐ சாதனம் என்பதால், அதைச் செருகியதும் பஸ் எண்கள் ஒன்று நகர்ந்துவிட்டன. நெட்வொர்க் அமைப்பு இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பிலோ பழைய பெயர்தான் எழுதியிருக்கிறது. இதற்கு மேக் முகவரியை வைத்து நிலையான பெயர் கொடுக்கும் லிங்க் கோப்பு ஒன்றைச் சிஸ்டம்டியின் அடைவில் எழுதி வைத்தேன். வேறு ஊரில் இருக்கும் சர்வரைத் தொலைவிலிருந்து மீட்பவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும். நெட்வொர்க் வராத சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக யாரும் போக முடியாது.

போஸ்ட்கிரஸின் தரவு அடைவு ஆர்சிங்க்கில் வந்திருந்தாலும் அதை நான் பயன்படுத்தவில்லை. டெபியனுக்கே உரிய பிஜி டிராப் கிளஸ்டர், பிஜி கிரியேட் கிளஸ்டர் கட்டளைகளால் வெறும் கிளஸ்டரை (டேட்டாபேஸ் தொகுப்பை) உருவாக்கி, டம்பை உள்ளே ஊற்றினேன். பகலில் போட்ட ஆர்டர்கள் டம்பில் இல்லை. இங்கேதான் செத்த டிஸ்கிலிருந்து பிடுங்கிய அந்தத் தரவு அடைவு பயன்பட்டது: அதை வேறொரு மெஷினில் அதே 13 பதிப்பில் எழுப்பி, அன்றைய பதிவுகளை மட்டும் எடுத்து, அச்சகத்துக் காகித ரசீதுகளோடு ஒப்பிட்டுச் சேர்த்தோம். ரசீதுப் புத்தகம் இல்லாத இடமாக இருந்திருந்தால் அந்தப் பதிவுகளை நான் அவ்வளவு எளிதில் நம்பியிருக்க மாட்டேன்.

சரிபார்ப்பதற்கு, தோற்ற சேவைகளைச் சிஸ்டம்சிடிஎல்லில் பார்ப்பது முதல் படி. டிபிகேஜியின் வெரிஃபை வசதி, தொகுப்புகளோடு வந்த கோப்புகள் ஏதேனும் மாறியிருக்கின்றனவா என்று சொல்லும். அமைப்புக் கோப்புகள் நாம் திருத்தியவை என்பதால் அவை பட்டியலில் வருவது இயல்பு. நிரல் கோப்பு ஒன்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கடைசியாக, பேக்கப்புக்கும் டிஸ்குக்கும் இடையே செக்சம் கணக்கிடும் ஒரு வெள்ளோட்ட ஆர்சிங்க்கை இரவு முழுவதும் ஓடவிடலாம்.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில் டெபியனைப் புதிதாக நிறுவி, அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவையும் தரவையும் மட்டும் எடுத்து வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சர்வரில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் ஆன்சிபிள் போன்ற தானியக்கக் கருவி ஒன்றில் எழுதப்பட்டிருந்தால் அதுவே நல்ல வழி. பல வருடங்களாகக் கையால் திருத்தி வந்த சர்வருக்கு முழு மீட்பே குறைந்த நேரம் எடுக்கும். ஒரே ஒரு சூழலில் மட்டும் முழு மீட்பைத் தொடவே கூடாது: யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால். எந்தத் தேதியில் நுழைந்தார்கள் என்று உறுதியாகத் தெரியாதவரை, எந்தத் தேதியின் பேக்கப்பிலும் அவர்கள் உட்கார்ந்திருக்கலாம்.

டிஸ்க் அமைப்பைப் பதிவு செய்வது, பூட் ஆகும் மீட்பு இமேஜைத் தயாரிப்பது, பூட் லோடரைத் திரும்ப நிறுவுவது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் ரியர் என்ற கருவி இருக்கிறது. பல சர்வர்கள் பார்ப்பவர்கள் அதைப் பழகிக்கொள்ளலாம். எப்படிச் செய்தாலும், மீட்டுப் பார்ப்பதை வருடத்துக்குச் சில முறை ஒரு வெர்ச்சுவல் மெஷினில் செய்ய முடியும். டிஸ்க் அங்கே விடிஏ என்று வரும், கார்டின் பெயரும் மாறும், அதனால் உண்மையான மாற்று வன்பொருளில் வரக்கூடிய தொல்லைகள் பெரும்பாலும் அங்கேயே தலைகாட்டிவிடும். அந்த வெர்ச்சுவல் மெஷினுக்கு வெளியே போகாத தனி நெட்வொர்க் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஐபியில் இரண்டு சர்வர்கள் எழுந்து, இரண்டுமே ஒரே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கும்.